தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்புப் பழக்குவது எப்படி?

வாசிகசாலை:
எங்கட சனசமூக நிலையத்தில பின்னேரம் 4 மணிக்கு ஒரு வாசிப்பு வகுப்புத் தொடங்க இருக்கிறம். தரம் 1, 2 பிள்ளைகள் 14 பேர். படிப்பிக்கப் பெரிய ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். அதால தரம் 4, தரம் 6 பிள்ளைகளைச் சின்னனுகளோட சோடியா இருத்தி வாசிப்பிக்கலாம் எண்டு யோசினை. (தரம் 5 பிள்ளைகளைக் கேக்கவே ஏலாது. புலமைப்பரிசில் முடியும்வரை அவை வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டினம்.) ஆரை ஆரோட இருத்துறது, எவ்வளவு நேரம், பெரிய பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது எண்டு அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கரும்பலகை:
தம்பி, சோடி சேர்க்கிறதைப் பிறகு பாப்பம். எல்லாரும் அதிலதான் மினக்கெடுவினம். இந்த வேலை சரிவாறதும் பிழைக்கிறதும், சின்னன் ஒரு சொல்லைப் பிழையா வாசிச்ச கையோட பெரிய பிள்ளை என்ன செய்யுது எண்டதிலதான் இருக்கு.

பழக்காமல் விட்டால் பெரிய பிள்ளை ரெண்டில ஒண்டு செய்யும். சின்னன் வாய் திறக்க முதலே சொல்லைச் சொல்லிப்போடும். சின்னனுக்கு அது நல்ல வசதி. புத்தகத்தை விட்டிட்டுப் பெரிய பிள்ளையின்ர வாயைப் பாத்துக்கொண்டிருக்கும். இல்லாட்டி "உதுகூடத் தெரியாதோ" எண்டு கேட்டுப்போடும். அதோட அண்டைக்கு அந்தப் பிள்ளை வாசிச்சபடிதான்.

அதால நாலு அசைவைப் பாடமாக்கிக் குடுங்கோ. சின்னன் தன்ர விரலைச் சொல்லுக்குக் கீழ வைச்சு வாசிக்கும். பிழை வந்தாலும் சொல் முடியும்வரை பெரிய பிள்ளை பொறுக்க வேணும். கடைசி எழுத்தைக் கண்டாப்பிறகு தானே திரும்பி வந்து திருத்துற பிள்ளைகள் கனபேர், பாதியில வெட்டினால் அந்தப் பழக்கம் செத்துப்போகும். சொல் முடிஞ்சாப்பிறகு பெரிய பிள்ளை தன்ர தொடையில நாலு தரம் மெதுவாத் தட்டும், வாய் திறக்காது. அதுக்குள்ள திருந்தாட்டி, பிழைச்ச எழுத்துக்குக் கீழ விரலை வைச்சு "திரும்பப் பார்" எண்டு மட்டும் சொல்லும். அதுக்கும் வராட்டித்தான் சொல்லைச் சொல்லிக் குடுக்கிறது, அதுவும் அசை பிரிச்சு: பட் – டம். சின்னன் அதைச் சேர்த்துச் சொல்லி, வசனத்தைத் தொடக்கத்திலயிருந்து திரும்ப வாசிக்கும்.

எல்லாரும் விடுறது இந்தக் கடைசிப் படியைத்தான். சொல்லிக் குடுத்த இடத்திலயிருந்தே மேல ஓடினால் சின்னன் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கு, வாசிக்கேல்லை.

பெரிய பிள்ளைகளைப் பழக்க அரை மணித்தியாலப்படி நாலு நாள் வேணும். நீங்கள் சின்னப்பிள்ளையா நடியுங்கோ. ஒரு சொல்லைத் தாண்டி விடுங்கோ, ஒரு சொல்லைப் பிழையா வாசியுங்கோ, ஒரு சொல்லில பேசாமல் இருங்கோ. இந்த மூண்டு வகைப் பிழையையும் கலந்து அஞ்சு தரம் குடுத்து, அஞ்சுக்கும் ஒழுங்காச் செய்தால் அந்தப் பிள்ளை தயார். மூண்டாம் நாளே வந்திடும் எண்டு நினைச்சு அவசரப்படாதேங்கோ. தட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறதுதான் அவைக்குச் சரியான கஷ்டம்.

இரட்டைக்கொம்பு:
ரீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேணும். பெரிய பிள்ளை எழுத்தின் பெயரைச் சொல்லித் திருத்தக் கூடாது. "பானா, டானா" என்று சொல்லிக் கொடுத்தால் அவற்றைச் சேர்த்துப் "பட" என்று எந்தப் பிள்ளைக்கும் வராது. ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்ல வேணும். வீட்டில் அம்மம்மாமார் ஏடு தொடக்கின நாளிலிருந்து ஆனா, ஆவன்னா என்று பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருப்பினம். அதை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை, ஆனால் வாசிப்புச் சோடியில் அதற்கு இடமில்லை.

அடுத்தது புள்ளி. தரம் 1 இல் வருகிற பிழைகளில் பெரும்பங்கு புள்ளியைக் காணாமல் வாசிப்பதுதான். "அம்மா" என்பதை "அமமா" என்று வாசிக்கும். "பட்டம்" என்பது "படம்" ஆகிவிடும். படம், பட்டம் இரண்டும் உண்மையான சொல் என்பதால் பெரிய பிள்ளைக்கும் பிழை பிடிபடாது. ஆகவே படம்/பட்டம், பாடி/பாட்டி, கடை/கட்டை, பலி/பல்லி என்று சோடிச் சொற்களை ஒரே நாளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கொடுங்கள்.

இன்னொன்று, 247 எழுத்தையும் படிப்பிக்க முயலாதீர்கள். ஙகர வரிசையில் சின்னப் பிள்ளைக்கு வேண்டியது 'ங்' ஒன்றுதான். ஞகர வரிசையில் ஞ், ஞ, ஞா போதும். ஔகார வரிசையை முதல் வருடம் தொடவே வேண்டாம். அரவு (ா), கொம்பு (ெ, ே) போன்ற குறிகள் எல்லா மெய்யோடும் ஒரே மாதிரி வரும், குறியைப் படித்தால் வரிசை முழுக்க வரும். அப்படி வராதவை உகர, ஊகார வரிசைகள். உகரத்தை மூன்று கட்டாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கட்டு. சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மற்றது. ஒரு கிழமைக்கு ஒரு கட்டு. மூன்றையும் கலந்து கொடுத்தால் எழுத்தைப் பாராமல் சொல்லை ஊகிக்கத் தொடங்கிவிடும்.

தட்டிவான்:
எல்லாம் சரி. பெரிய பிள்ளைகளின்ர தாய்தேப்பன் "என்ர பிள்ளை படிக்கப் போகுதோ, படிப்பிக்கப் போகுதோ?" எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? தரம் 6 பிள்ளைக்குப் பின்னேரம் ரியூசன் இருக்கு. சும்மா வந்து இருக்கச் சொல்லி ஆரும் விடமாட்டினம்.

ஒடியல்கூழ்:
அந்தக் கேள்வி நியாயமானது. 1982 இல் கோஹனும் குலிக் இணையரும் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்ற பிள்ளைகள் மட்டுமல்லாமல், கற்பித்த பிள்ளைகளும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். காரணம் விளங்கக்கூடியது. ஒரு சொல்லில் எந்த இடம் பிழைத்தது என்று கண்டுபிடிக்க, எழுத்தெழுத்தாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தரம் 4 இல் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆகவே வகுப்பில் முதலாம் பிள்ளைகளைத் தேடிப் போகாதீர்கள். தரம் 2 புத்தகத்தைப் பிழையில்லாமல் வாசிக்கிற, ஆனால் தன் வகுப்பில் நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழோ நிற்கிற தரம் 4 பிள்ளையைக் கூப்பிடுங்கள். அதன் பெற்றோர் மறிக்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாடு நம் பக்கத்துச் சரக்குத்தான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை (மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிற மூத்த மாணவன்) செய்ததே இது. ஆண்ட்ரூ பெல் 1789 இல் சென்னையில் படையினரின் அநாதைப் பையன்களுக்கான இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் மாட்டேன் என்றதும் எட்டு வயதுப் பையன் ஒருவனிடமே வேலையை ஒப்படைத்தார். 1797 இல் அதை அறிக்கையாக இலண்டனில் வெளியிட்டார், பிறகு 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடைத்துச் சட்டாம்பிள்ளைகளை மட்டும் நம்பி நடத்தியபோது அது வெறும் ஒப்புவிப்பாகச் சுருங்கிப்போனது. உங்கள் 14 பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் சுற்றி வருவது காணும். அந்த இருவரும் ஒரு மூலையில் இருந்து கதைக்கத் தொடங்கினால் காணாது.

வாசிகசாலை:
நன்றி. சோடி சேர்க்கிற விசயம்? கெட்டிக்காரப் பெரிய பிள்ளையை ஆகப் பின்தங்கின சின்னனோட விடுறதுதானே முறை?

ஒடியல்கூழ்:
இல்லை. பெரிய பிள்ளைகளை வாசிப்புத் திறமைப்படி வரிசைப்படுத்துங்கள், சின்னப் பிள்ளைகளையும் அப்படியே. முதலாவதை முதலாவதோடும் கடைசியைக் கடைசியோடும் சேருங்கள். எல்லாச் சோடியிலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இடைவெளி மிகப் பெரிதானால் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும், சின்னப் பிள்ளை வாயே திறக்காது.

பெரிய பிள்ளைகள் வராத நாளில் ஒரே வகுப்புப் பிள்ளைகளையே சோடியாக்கலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபுக்ஸும் லின் ஃபுக்ஸும் வகுத்த முறையில், வகுப்பை வரிசைப்படுத்தி நடுவால் வெட்டுவார்கள். 14 பேர் என்றால் 1 உடன் 8, 2 உடன் 9, இப்படியே 7 உடன் 14. நன்றாக வாசிக்கிற பிள்ளை முதலில் 5 நிமிடம் வாசிக்கும், மற்றது கவனித்துத் திருத்தும். பிறகு அதே பகுதியை மற்றப் பிள்ளை வாசிக்கும். ஒருமுறை காதால் கேட்ட பகுதி என்பதால் அதற்குப் பயம் குறைவு. புத்தகம் பின்தங்கிய பிள்ளையின் மட்டத்துக்கு இருக்க வேண்டும்.

கரும்பலகை:
ஒரே வயதுச் சோடியில ஒரு ஆபத்து இருக்கு. ரெண்டுக்கும் தெரியாத எழுத்தில ரெண்டும் சேர்ந்து பிழையைச் சரி எண்டு விட்டிடும். அதுக்குத்தான் அட்டையின்ர பின்பக்கத்தில படம். முன்பக்கம் சொல் மட்டும். வாசிச்சுப்போட்டுத் திருப்பிப் பாத்தால் சரியோ பிழையோ தெரியும். கடையில விக்கிற அட்டைகளில சொல்லும் படமும் ஒரே பக்கத்தில இருக்கும். அதுகளை வாங்காதேங்கோ, பிள்ளை படத்தைத்தான் வாசிக்கும்.

ஒரு ஏ4 பிரிஸ்டல் போட்டை எட்டா வெட்டினால் கைக்கு அளவான அட்டை. தடிச்ச கறுப்பு மார்க்கர். சொல்லின்ர ஒரு எழுத்தையும் வேற நிறத்தில எழுத வேண்டாம். ஒரு சோடிக்கு ஒரு நாளைக்குப் பத்து அட்டை: ஏழு தெரிஞ்சது, மூண்டு புதுசு. புதுசு மூண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் தெரிஞ்சதுகளுக்கு இடையில செருகுங்கோ. மூண்டு விநாடிக்குள்ள யோசிக்காமல் சொன்னால் அட்டையின்ர மூலையில ஒரு புள்ளி. மூண்டு வேற வேற நாளில மூண்டு புள்ளி விழுந்த அட்டை "தெரிஞ்ச" கட்டுக்குப் போகும். ஒரே நாளில மூண்டு புள்ளி போடுற கெட்டிக்காரப் பெரிய பிள்ளைகளும் இருக்கினம், பாத்துக்கொள்ளுங்கோ.

சொற்களைத் தொடக்கத்தில ப, ட, ம, ர, க, ல எண்ட ஆறு எழுத்துக்குள்ள வைச்சால் படம், மரம், கடல், பகல், பட்டம், கட்டம், மடம் எல்லாம் எழுதலாம். குறியே வேண்டாம், புள்ளி மட்டும் போதும். பிறகு அரவு: பால், காகம், மாமரம். கொம்புகளைப் பிந்திக் குடுங்கோ. ஒலி பிறகு வர, குறி முன்னுக்கு நிக்கிறதால பிள்ளை 'கெ'யைக் கண்டு தடுமாறும். கொ, கோ அதைவிட மோசம், ரெண்டு பக்கமும் பாக்க வேணும்.

நேரம் 20 நிமிசம், கிழமைக்கு நாலு நாள், பத்துக் கிழமை. எழுத்து 4 நிமிசம், சொல் அட்டை 5, புத்தகம் 8, வாசிச்சதைப் பற்றிக் கதைக்க 3. மணி அடிச்சு மாத்துங்கோ. மணி இல்லாட்டி எல்லாச் சோடியும் அட்டையிலயே நிண்டுபோகும். அது விளையாட்டு மாதிரி, புத்தகம் வேலை மாதிரி.

தட்டிவான்:
தரம் 1 சின்னனுக்கு 8 நிமிசம் புத்தகம் கூடிப்போகாதோ? நாலு வசனத்தில களைச்சுப்போகும்.

ஒடியல்கூழ்:
களைத்தால் சேர்ந்து வாசிக்க விடலாம். கீத் டொப்பிங் பரவலாக்கிய இணை வாசிப்பு முறையில் இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசிப்பார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் வேகத்துக்கு. தனியே வாசிக்கலாம் என்று தோன்றும்போது சின்னப் பிள்ளை புத்தகத்தில் ஒரு தட்டுத் தட்டும். பெரிய பிள்ளை உடனே நிறுத்திவிட வேண்டும். தனியே வாசிக்கையில் ஒரு சொல்லில் நாலைந்து விநாடி சிக்கினால் அதைச் சொல்லிக் கொடுத்து, மறுபடி சேர்ந்து வாசிக்கும். பிழை வந்த இடத்தில் சேருவதும் வராத இடத்தில் விலகுவதும்தான் முறை. ஒரேயடியாகச் சேர்ந்தே வாசித்தால் சின்னப் பிள்ளை அரை விநாடி பிந்தி எதிரொலிக்கும், அவ்வளவுதான். ஆகவே எழுத்து அறியாத தொடக்க நிலைக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். சொல் அட்டையில் 40, 50 சொல் கைவந்த பிறகு செய்யலாம்.

வாசிகசாலை:
சில பிள்ளைகள் புத்தகத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கும். பாக்காமலே கடகடவெண்டு சொல்லும். பெரிய பிள்ளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கரும்பலகை:
விரலைப் பாக்கச் சொல்லுங்கோ. விரல் ஒரு சொல்லில நிக்க வாய் ரெண்டு சொல் முன்னுக்குப் போனால் அது பாடமாக்கினது. நடுவில ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" எண்டு கேட்டால், வசனத்தின்ர தொடக்கத்திலயிருந்து மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு வந்துதான் விடை சொல்லும், உதடு அசையிறதிலயே பிடிபடும். கடைசி வசனத்தை முதல் வாசிக்கச் சொன்னாலும் தெரிஞ்சுபோகும்.

பதினைஞ்சு நாளுக்கு ஒருக்காப் பெரிய ஆள் ஒராள் அளந்து பாக்க வேணும், இதைப் பெரிய பிள்ளையிட்டைக் குடுக்காதேங்கோ. ரெண்டு மூண்டு எழுத்துச் சொல் 30, ஒரு நிமிசம், சரியா வாசிச்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கோ. ஒவ்வொரு முறையும் வேற பட்டியல். அதோட பொருளில்லாத சொல் ஒரு பத்து: மடகம், கபலம், டகல் மாதிரி. உண்மைச் சொல் 25 வாசிச்சுப்போட்டு இதில ரெண்டுதான் வருகுதெண்டால், அந்தப் பிள்ளை எழுத்தைச் சேர்க்கேல்லை, சொல்லின்ர வடிவத்தை ஞாபகம் வைச்சிருக்கு. திரும்பவும் எழுத்து அட்டைக்குத்தான் போக வேணும்.

புத்தகம் தெரிவு செய்யிறதுக்கு ஒரு கணக்கு: பத்துச் சொல்லில ஒண்டுக்கு மேல பிழைச்சால் அந்தப் புத்தகம் கூடிப்போச்சு.

இரட்டைக்கொம்பு:
ழகர ளகரத்தையும் பெரிய பிள்ளை திருத்த வேணும். "பளம்" என்று வாசிக்க விட்டுவிட்டுப் பிறகு சொல்வதெழுதலில் அழுது பயனில்லை.

கரும்பலகை:
அண்ணை, அதில எனக்கு உடன்பாடில்லை. எங்கட பக்கத்தில அரைவாசிச் சனம் கதைக்கிறதே அப்பிடித்தான், திருத்தப் போற பெரிய பிள்ளையும் அப்பிடித்தான் சொல்லும். வாசிப்புச் சோடியில பிள்ளை அந்த எழுத்தைப் பாத்துச் சொல்லைச் சரியாப் பிடிச்சால் காணும். உச்சரிப்பைப் பெரிய ஆள் தனியா எடுக்கட்டும். ர, ற வேற கதை. "கறி"யும் "கரி"யும் எங்கட வாயில நல்லா வித்தியாசப்படும், "காற்று" எண்டதில ற்ற வாற விதமும் தெளிவு. அதைத் திருத்தலாம்.

இரட்டைக்கொம்பு:
சரி, பெரியவர் எடுப்பதென்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் எடுக்க வேணும். இல்லாவிட்டால் தரம் 6 வரை "வளி" எது, "வழி" எது என்று எழுதத் தெரியாது.

தட்டிவான்:
"நாய் ஓடுகிறது" எண்டு புத்தகத்தில இருக்க, பிள்ளை "நாய் ஓடுது" எண்டு வாசிச்சால் பிழையோ?

கரும்பலகை:
அளக்கிற நேரம் பிழையாக் கணக்குப் பண்ணாதேங்கோ. பிள்ளைக்கு விளங்கினபடியால்தான் அது தன்ர பேச்சுக்கு மாத்திச் சொல்லுது. ஆனால் சோடியில இருக்கையில "எழுதியிருக்கிற மாதிரி" எண்டு ஒருக்காத் திருப்பி வாசிக்க விடலாம். "கிற" எண்ட எழுத்துகளைக் கண்ணால காண வேணும்தானே. அதட்டத் தேவையில்லை.

கதைக்கிற 3 நிமிசத்தில பெரிய பிள்ளை "விளங்கினதோ?" எண்டு கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஓம் எண்டுதான் சொல்லும். ஆர், எங்க, பிறகு என்ன எண்டு மூண்டு கேள்வியை ஒரு மட்டையில எழுதிக் குடுங்கோ. மறுமொழி பேச்சுத் தமிழில வரட்டும்.

வாசிகசாலை:
இருத்துற ஒழுங்கு ஏதும் இருக்கோ? ஒரே மண்டபம்தான். பதினாலு சோடி ஒரே நேரம் வாசிச்சால் சந்தை மாதிரி இருக்குமே.

கரும்பலகை:
முகம் சுவரைப் பாக்க இருத்துங்கோ, சோடிக்குச் சோடி நாலடி விட்டு. எதிர் எதிரா இருத்தினால் ஒராளுக்குப் புத்தகம் தலைகீழ். பக்கத்தில பக்கத்தில பாயில இருக்கட்டும், புத்தகம் சின்னனின்ர மடியில. சின்னன் வலக்கைப் பிள்ளையெண்டால் பெரிய பிள்ளை இடப்பக்கம், அப்பத்தான் சின்னனின்ர கை எழுத்தை மறைக்காது. இடக்கைப் பிள்ளைக்கு மாறி. சத்தம் எப்பிடியும் இருக்கும். பக்கத்துச் சோடியின்ர சொல் தெளிவாக் கேட்டால்தான் கூட.

ஆரும் வராட்டி மிஞ்சின சின்னனை இன்னொரு சோடியோட சேர்த்து மூண்டாக்குங்கோ, ஆனால் ஒரு நாளைக்கு மட்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வரவு விழும், அதுக்கு நடுவில பத்துக் கிழமையைத் தொடங்காதேங்கோ. சோடியை மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா மாத்துங்கோ. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியை ஒரு சோடியா விடவே வேண்டாம், வீட்டுச் சண்டை அங்கயும் வரும்.

ஒடியல்கூழ்:
ஆறு கிழமை ஒழுங்காக நடந்தும் எழுத்து அட்டையில் அசைவே இல்லாத பிள்ளை இருந்தால், சோடியை மாற்றிக்கொண்டே இராமல் முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடிப்பது, தலையைச் சரித்துப் பார்ப்பது, "பட்டம்" என்று சொல்லக் "கட்டம்" என்று திரும்பச் சொல்வது ஆகியவற்றைப் பெரிய பிள்ளையே முதலில் கவனிக்கும். கண்டால் உங்களிடம் வந்து சொல்லும்படி தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அல்லாமல். கண்ணும் காதும் சரியென்றால் அந்தப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் தனியாக வேண்டும். சோடி வாசிப்பு அதற்கு ஈடாகாது.

வாசிகசாலை:
விளங்கீற்றுது. வாற மாசம் பெரிய பிள்ளைகளுக்கு முதல் நாலு நாளும் வைக்கிறம். பிரிஸ்டல் போட் வெட்டுறதுக்குப் பெரிய பிள்ளைகளையே விடலாமோ?

கரும்பலகை:
வெட்டட்டும். ஆனால் சொல்லை நீங்கள் எழுதுங்கோ. அவை எழுதினால் 'ன'வும் 'ள'வும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.